காணொளியில் பறக்கும் துகள்கள்: அலங்காரமா, பாடமா?

பாடக் காணொளி தயாரிப்பது இன்று ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. கைப்பேசியில் எடுத்த காட்சியை வெட்டி ஒட்டி, குரல் சேர்த்து, வகுப்புக் குழுவில் பகிரும் அளவுக்கு நம்மில் பலர் பழகிவிட்டோம். காட்சித் தொகுப்பு மென்பொருள்களில் மழை, பனி, தீப்பொறி, புகை, மினுமினுப்பு என்று ஆயத்தமாகக் கிடைக்கும் துகள் விளைவுகளும் இந்தக் காணொளிகளில் தாராளமாக இடம்பெறுகின்றன. தலைப்பு வரும்போது நான்கு நட்சத்திரங்கள் சிதறினால் அழகுதான். அதே விளைவைப் பாடத்தின் உள்ளே, ஒரு கருத்தை விளக்கும் இடத்தில் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே மாணவர் அதை அலங்காரமாகப் பார்ப்பதில்லை. பாடம் சொல்லும் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறார்.

வாயு நிலையை விளக்கும் ஒரு காணொளியை எடுத்துக்கொள்வோம். ஒரு குடுவையின் படத்தை வைத்து, அதன்மேல் ஆயத்த மினுமினுப்பு விளைவைப் போட்டால் துகள்கள் பறப்பதுபோல் தெரியும். வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த விளைவு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது? துகள் சிறியதாகத் தோன்றி, போகப் போகப் பெரிதாகி, ஒளி மங்கி, கடைசியில் மறைந்துவிடும். பாடமோ, வாயுவில் துகள்கள் பெரிதாவதும் இல்லை, மறைவதும் இல்லை என்கிறது. சூடுபடுத்தினால் துகளே விரிகிறது, துகள்களுக்கு நடுவே காற்று நிரம்பியிருக்கிறது என்றெல்லாம் மாணவர்கள் எண்ணுவதை ரோசலிண்ட் டிரைவர் போன்ற ஆய்வாளர்கள் 1980களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே மனத்தில் இருக்கும் அந்தத் தவறான எண்ணத்துக்கு நம் காணொளியே சான்று கொடுத்துவிடக் கூடாது.

இதற்காகத் துகள் விளைவே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆயத்தமாக வருவதை அப்படியே போடாமல், அதன் அமைப்புகளைத் திறந்து பாடத்துக்கு ஏற்ப மாற்றினால் போதும். அந்த அமைப்புகள் பெரும்பாலும் நாம் வகுப்பில் நடத்தும் கணக்கும் இயற்பியலும்தான்.

எங்கிருந்து வந்தது?

நெருப்பு, புகை, மேகம் போன்றவற்றுக்குத் திட்டமான விளிம்பு கிடையாது. கோடும் தளமும் கொண்டு பெட்டியை வரையலாம், தீயை வரைய முடியாது. இதற்கு வழி கண்டவர் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பணியாற்றிய வில்லியம் ரீவ்ஸ். 1982இல் வெளிவந்த இரண்டாவது ஸ்டார் டிரெக் திரைப்படத்தில் ஒரு கோளின் மேற்பரப்பில் தீ சுவர்போல எழுந்து பரவும் காட்சிக்காக அவர் ஒரு முறையை உருவாக்கினார். தீயை ஒரே உருவமாக வரையாமல், ஆயிரக்கணக்கான சிறு துகள்களைப் பிறக்கவிட்டு, நகரவிட்டு, ஆயுள் முடிந்ததும் அழித்துவிடுவது. 1983இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் துகள் அமைப்பு என்ற சொல்லைக் கணினி வரைகலையில் நிலைநிறுத்தியது.

அந்தக் கட்டுரையின் அடிப்படை விதி மிக எளியது. ஒவ்வொரு துகளின் வேகமும் = சராசரி வேகம் + (−1 முதல் +1 வரையுள்ள ஒரு சமவாய்ப்பு எண் × மாறுபாட்டு அளவு). சராசரி 20, மாறுபாடு 5 என்றால் துகள்கள் 15 முதல் 25 வரையுள்ள வேகங்களில் கிளம்பும். ஆயுள், நிறம், அளவு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். இன்றைய மென்பொருள்களில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்திலேயே ‘வேரியன்ஸ்’ அல்லது ‘ரேண்டம்னஸ்’ என்று இன்னொரு பெட்டி இருப்பதைப் பார்க்கலாம். அதைப் பூச்சியமாக்கினால் துகள்கள் அணிவகுப்புபோல வரிசை பிசகாமல் நகரும். கொஞ்சம் கூட்டினால்தான் இயற்கையாகத் தெரியும்.

புஸ்வாணத்தை வைத்துப் புரிந்துகொள்வோம்

அமைப்புகளின் பெயர்கள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். பவர் டைரக்டரில் இதற்கென்றே ‘பார்ட்டிகிள் டிசைனர்’ என்ற சாளரம் உண்டு. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே 2018 முதல் ‘ஃபியூஷன்’ பக்கம் இருக்கிறது. பிளெண்டர் முழுவதும் இலவசம். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பவை ஒன்றுதான். தீபாவளிப் புஸ்வாணத்தைக் கண்முன் வைத்துக்கொண்டால் எல்லாம் விளங்கிவிடும்.

பொறி கிளம்பும் வாய்தான் ‘எமிட்டர்’. அது புள்ளியாக இருக்கலாம், கோடாக இருக்கலாம், செவ்வகமாகவும் இருக்கலாம். புஸ்வாணத்துக்குப் புள்ளி; மழைக்குத் திரையின் மேல்விளிம்பில் ஒரு கோடு. பொறிகள் செங்குத்தாக மேலே எழுவது கோணம். சற்றே விரிந்து குடைபோல் பரவுவது கோணத்தின் மாறுபாடு. மேலே போனவை வளைந்து கீழே இறங்குவது ஈர்ப்பு விசை. இந்த மூன்றையும் சரியாக வைத்தாலே பரவளையப் பாதை தானாக வந்துவிடும். யாரும் அதை வரைய வேண்டியதில்லை என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சொன்னால் வியப்பார்கள்.

நிறத்தில்தான் ஆயத்த விளைவுகள் அதிகம் ஏமாற்றுகின்றன. புஸ்வாணப் பொறி என்பது சூடேறிய உலோகத் துணுக்கு. கொல்லுப்பட்டறை இரும்புபோல அதுவும் வெண்மையில் தொடங்கி மஞ்சளாகி, குளிரக் குளிரச் சிவந்து அணைகிறது. ‘கலர் ஓவர் லைஃப்’ என்ற பட்டையில் இந்த வரிசையை வைக்க வேண்டும். பல ஆயத்த விளைவுகளில் நீலத்திலிருந்து ஊதா, அங்கிருந்து பச்சை என்று வானவில் வரிசை இருக்கும். திருவிழா வாழ்த்துக்கு அது சரி, வெப்பப் பாடத்துக்குச் சரிவராது.

இன்னொன்று, துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று படும்போது என்ன ஆக வேண்டும் என்பது. ‘ஆட்’ என்ற முறையில் ஒளிகள் கூடி அந்த இடம் பிரகாசமாகும். தானே ஒளிரும் பொருளுக்கு, அதாவது பொறிக்கும் சுடருக்கும், இதுவே பொருத்தம். புகைக்கும் தூசிக்கும் இதை வைத்தால் அடர்த்தியான இடம் கருக்காமல் வெளுத்துப்போகும். தீப்பொறி விளைவை எடுத்து நிறத்தை மட்டும் சாம்பலாக மாற்றிப் புகை என்று போடுகிறவர்கள் இந்த ஒரு அமைப்பை மாற்ற மறந்துவிடுவதால்தான் அது புகைபோலவே தெரிவதில்லை.

எண்ணிக்கைக்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு ஃபிரேமுக்கு 4 துகள்கள் பிறக்கின்றன, ஒவ்வொன்றின் ஆயுள் 100 ஃபிரேம் என்றால், திரையில் எந்த நேரத்திலும் 4 × 100 = 400 துகள்கள் இருக்கும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் காணொளியில் 100 ஃபிரேம் என்பது 4 விநாடி. ஆகவே முதல் 4 விநாடி வரை துகள்கள் கூடிக்கொண்டே போகும், அதன்பிறகுதான் நிலையான எண்ணிக்கையை அடையும். காட்சி தொடங்கும்போதே மழை முழுவதுமாகப் பெய்துகொண்டிருக்க வேண்டுமென்றால், காட்சிக்கு முன்பே துகள்களைப் பிறக்கவிட வேண்டும். ஃபியூஷனில் இதற்கு ‘ப்ரீ ஜெனரேட் ஃபிரேம்ஸ்’ என்ற பெட்டி இருக்கிறது. பிளெண்டரில் தொடக்க ஃபிரேமை −100 என்று குறை எண்ணாகக் கொடுத்தால் போதும். குறை எண்களுக்கு இப்படியொரு பயன்பாட்டை எந்தப் பாடநூலும் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை.

மழைக்கு ஈர்ப்பு விசை வேண்டுமா?

வேண்டாம் என்பதுதான் சரியான விடை. மழைத்துளி மேகத்திலிருந்து கிளம்பிய சிறிது நேரத்திலேயே காற்றின் தடையும் எடையும் சமமாகி, முற்றுத் திசைவேகத்தை அடைந்துவிடுகிறது. சுமார் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிக்கு அது விநாடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர். நம் திரைக்குள் நுழையும் துளி ஏற்கெனவே அந்த வேகத்தில்தான் விழுந்துகொண்டிருக்கும். எனவே ஈர்ப்பு விசையைப் பூச்சியமாக்கி, மாறாத வேகத்தில் விழச் செய்ய வேண்டும். ஆயத்த விளைவு சிலவற்றில் துளிகள் திரையின் நடுவே வேகம் பிடித்துக்கொண்டு இறங்குவதைக் காணலாம். பருவமழைப் பாடத்தில் அது பெரிய குற்றமில்லை. முற்றுத் திசைவேகம் பற்றிப் பேசும் மேல்வகுப்பில் அது நேர் முரண்.

எவ்வளவு வேகம் என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. விநாடிக்கு 6.5 மீட்டரை 25ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 26 சென்டிமீட்டர். திரையின் உயரம் உண்மையில் 2.6 மீட்டரைக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு துளி 10 ஃபிரேமில் திரையைக் கடந்துவிட வேண்டும். அந்த வேகத்தில் துளி துளியாகத் தெரியாது. மெல்லிய கோடாகத்தான் தெரியும். அதனால் துகளின் வடிவத்தைப் புள்ளியிலிருந்து கோடாக மாற்ற வேண்டும். கண்ணீர்த்துளி வடிவ மழை ஓவியத்தில் மட்டும்தான் உண்டு.

ஒரே அடுக்காகப் போட்டால் மழை கண்ணாடியில் ஒட்டிய தாள்போல இருக்கும். மூன்று அடுக்காகப் பிரிப்பது நல்லது. அருகிலுள்ளவை எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரிது, வேகம் அதிகம். தொலைவிலுள்ளவை நிறைய, சிறியவை, மெதுவானவை. உண்மையில் எல்லாத் துளிகளும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் விழுகின்றன, தொலைவு கூடினால் மெதுவாகத் தோன்றுகின்றன என்பதை வகுப்பில் சொல்லிவிட வேண்டும். ஓடும் பேருந்தின் சன்னலிலிருந்து பார்க்கும்போது பக்கத்து மரம் விரைவதும் தூரத்து மலை நகராததும் அவர்கள் அறிந்ததே.

குடுவைக்குள் வாயு

இப்போது தொடக்கத்தில் சொன்ன குடுவைக்கு வருவோம். ஃபியூஷன் பக்கத்தில் இதைச் செய்ய மூன்று கருவிகள் போதும்: துகளைப் பிறப்பிக்கும் ‘பி-எமிட்டர்’, சுவரில் மோதித் திரும்பச் செய்யும் ‘பி-பவுன்ஸ்’, எல்லாவற்றையும் படமாக்கும் ‘பி-ரெண்டர்’. கடைசியது இல்லாவிட்டால் திரையில் எதுவும் தெரியாது. இந்த மூன்றையும் இந்த வரிசையிலேயே இணைக்க வேண்டும்.

முதலில் எத்தனை துகள் என்று முடிவு செய்வோம். நாம் சுவாசிக்கும் காற்றில் மூலக்கூறுகளுக்கு இடையிலான சராசரித் தொலைவு, ஒரு மூலக்கூறின் விட்டத்தைப்போல் சுமார் 10 மடங்கு. குடுவையை 1000 பிக்சல் பக்கமுள்ள சதுரமாகவும் துகளை 20 பிக்சல் விட்டமுள்ள வட்டமாகவும் வரைந்தால், இடைவெளி 200 பிக்சல் இருக்க வேண்டும். ஒரு வரிசைக்கு 5, மொத்தம் 5 × 5 = 25 துகள்கள். ஆயத்த விளைவில் ஐந்நூறு ஆயிரம் என்று மொய்ப்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வாயுவின் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம் என்ற கருத்து 25 துகளில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

எண்ணிக்கைப் பெட்டியில் 0ஆவது ஃபிரேமில் 25 என்றும், 1ஆவது ஃபிரேமில் 0 என்றும் கீஃபிரேம் வைக்க வேண்டும். அப்போதுதான் மூடிய குடுவைக்குள் புதிதாகத் துகள் முளைத்துக்கொண்டே இருக்காது. ஆயுளைக் காணொளியின் மொத்த நீளத்தைவிட அதிகமாகக் கொடுத்தால் எதுவும் நடுவில் மறையாது. அளவு ஆயுளோடு மாறும் வரைகோட்டைத் தட்டையாக்கிவிட வேண்டும். மங்கி மறையும் ‘ஃபேட்’ அமைப்பை நிறுத்திவிட வேண்டும். துகள் பிறக்கும் இடத்தைப் புள்ளியாக வைக்காமல், குடுவையின் அளவுள்ள செவ்வகமாக வைத்தால் தொடக்கத்திலேயே பரவலாக இருக்கும். கோணத்தின் மாறுபாடு 360 பாகை, அதாவது எல்லாத் திசையிலும். வேகத்துக்கும் தாராளமான மாறுபாடு கொடுக்கலாம். வாயுவில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை.

நான்கு சுவருக்கும் நான்கு பவுன்ஸ் கருவிகள் வைத்து, அவற்றின் மீள்தன்மையை 1 ஆக்க வேண்டும். குறைவாக வைத்தால் ஒவ்வொரு மோதலிலும் வேகம் குறைந்து, சிறிது நேரத்தில் துகள்கள் சோர்ந்துபோய் நிற்கும். மூடி வைத்த காற்று அப்படித் தானாக ஓய்ந்துவிடுவதில்லை. வேகமான துகள் ஒன்றிரண்டு சுவரைத் துளைத்து வெளியே போவதும் உண்டு. ஒரு ஃபிரேமில் சுவருக்கு இந்தப் பக்கமும் அடுத்த ஃபிரேமில் அந்தப் பக்கமும் கணக்கிடப்படுவதால் வரும் கோளாறு இது. ரெண்டர் கருவியில் ஃபிரேமுக்கு இடையேயான கணக்கீட்டுத் துல்லியத்தைக் கூட்டினால் சரியாகும். சரிபார்க்கும்போது எப்போதும் முதல் ஃபிரேமிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் முந்தைய ஃபிரேமைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

சூடான வாயுவுக்கு இதே அமைப்பை நகலெடுத்து, வேகத்தை மட்டும் மாற்றிப் பக்கத்தில் வைக்கலாம். துகளின் எண்ணிக்கை, அளவு, நிறம் எதையும் தொடக்கூடாது. ‘ரேண்டம் சீட்’ என்ற எண்ணும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். அந்த எண் ஒன்றாக இருந்தால் இரு குடுவைகளிலும் துகள்கள் அதே இடங்களில், அதே திசைகளை நோக்கிக் கிளம்பும். ஒன்றைத் தவிர மற்றவற்றை மாறாமல் வைத்துச் சோதிப்பது என்று ஆய்வகத்தில் சொல்கிறோமே, அதுதான் இது. சூடானதைச் சிவப்பாக்கினால் என்ன என்று தோன்றும். சிவப்பாக்கினால், சூடேறிய மூலக்கூறு சிவக்கும் என்று எழுதும் மாணவரை நாம் குறை சொல்ல முடியாது.

வேகத்தை எவ்வளவு கூட்டுவது? நடுநிலை வகுப்புகளுக்கு இரண்டு மடங்கு வைத்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மேல்நிலை வகுப்பில் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். மூலக்கூறுகளின் வேகம் தனி வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்த்தகவில் உள்ளது. 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின். வேகம் இரு மடங்காக வேண்டுமென்றால் வெப்பநிலை நான்கு மடங்கு, அதாவது 1200 கெல்வின், 927 டிகிரி செல்சியஸ் ஆக வேண்டும். 27 டிகிரியிலிருந்து 87 டிகிரிக்குச் சூடேற்றினால் கெல்வினில் 300 என்பது 360 ஆகிறது. வேகம் கூடுவது வெறும் 9.5 சதவீதம். திரையில் அந்த வேறுபாடு தெரியவே தெரியாது. எனவே இரு மடங்காக்கியது புரிவதற்காகச் செய்த மிகைப்படுத்தல் என்று காணொளியிலேயே ஒரு வரி எழுதிவிடலாம். அல்லது உண்மையான சூடான குடுவை எது என்று கணக்கிட்டுச் சொல்லும்படி மாணவர்களிடமே விட்டுவிடலாம்.

மென்பொருளால் செய்ய முடியாததையும் மறைக்கத் தேவையில்லை. இந்தத் துகள்கள் சுவரில் மோதுமே தவிர ஒன்றோடொன்று மோதாது. ஒன்றை ஒன்று ஊடுருவிச் செல்லும். உண்மையில் காற்றின் மூலக்கூறுகள் அறை வெப்பநிலையில் விநாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் ஓடியும், மூலையில் ஏற்றிய ஊதுபத்தியின் மணம் நம்மிடம் வந்து சேர நேரம் பிடிப்பது அந்த மோதல்களால்தான். காணொளியை ஓட்டிவிட்டு, ‘இதில் உண்மைக்கு மாறாக என்ன இருக்கிறது?’ என்று கேட்டுப் பார்க்கலாம். வாயு பற்றிய பல கேள்விகளுக்கு வழி திறக்கும் கேள்வி அது.

திண்மத்துக்கும் திரவத்துக்கும் துகள் விளைவை நாடாமல் இருப்பது நல்லது. திண்மத்தில் துகள்கள் இருந்த இடத்திலேயே அதிர்கின்றன. வட்டங்களை வரிசையாக நகலெடுத்து லேசாக அதிரவிட்டால் வேலை முடிந்தது. திரவம்தான் கடினம். அதில் துகள்கள் ஏறத்தாழத் திண்மத்தில் இருக்கும் அளவுக்கே நெருங்கி இருக்கின்றன. பல படங்களில் அவை வாயுவுக்கும் திண்மத்துக்கும் நடுவே பாதி இடைவெளி விட்டு வரையப்படுகின்றன. அசைவுப்படம் செய்ய வராவிட்டால், கண்ணாடிக் குவளையில் கடுகைக் கொட்டிச் சாய்த்துப் படமெடுத்தாலே அதைவிட நன்றாக விளங்கும்.

பகிர்வதற்கு முன்

கணினியில் அழகாகத் தெரிந்த துகள்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் சதுரம் சதுரமாகக் குழம்பிப்போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். காணொளியைச் சுருக்கும் முறை, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறாத பகுதிகளை மீண்டும் சேமிக்காமல் விட்டு இடத்தை மிச்சப்படுத்துகிறது. நூற்றுக்கணக்கான நுண்துகள்கள் தாறுமாறாக நகர்ந்தால் மாறாத பகுதி என்று எதுவுமே மிஞ்சாது. அதனால் தரம் சரிகிறது. குறைவான, பெரிய, விளிம்பு தெளிவான துகள்கள் இங்கும் கைகொடுக்கின்றன. சன்னல் திறந்திருக்கும் வகுப்பறையில் வீழ்த்தி வழியாகக் காட்டும்போதும் 2 பிக்சல் துகள் கடைசி வரிசைக்குத் தெரியாது.

மின்னும் விளைவுகளில் ஒரு எச்சரிக்கை தேவை. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டுதல். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு அது ஆபத்து. நம் வகுப்பில் அப்படி யாரும் இல்லை என்று நாம் நினைத்தாலும், காணொளி நம் வகுப்போடு நிற்பதில்லை.

போதிய நினைவகமும் தனி வரைகலை அட்டையும் இல்லாத கணினியில் ஃபியூஷன் தடுமாறும். அங்கே பிளெண்டரில் 25 துகள்களை மட்டும் வைத்து, 10 விநாடிக் காட்சியாகத் தனியே தயாரித்து, வழக்கமாகப் பயன்படுத்தும் தொகுப்பு மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். ஒருமுறை அமைத்த வாயுக் குடுவையைச் சேமித்து வைத்தால், அடுத்த ஆண்டு பாயில் விதிக்குச் சுவரை நகர்த்தினால் போதும். சார்லஸ் விதிக்கு வேகத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.